காரைக்குடி மருத்துவமனை ஒன்றின் செவிலியர் சேவை: கண்டதும் எழுதியதும்

தொடை எலும்பின் கழுத்துப் பகுதி முறிந்து, பாதி மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட என் தாயாருக்குத் துணையாக, காரைக்குடியில் உள்ள தனியார் மருத்துவமனை ஒன்றின் எலும்பு சிகிச்சை வார்டில் அண்மையில் தங்கியிருந்தேன். டாக்டரின் கைராசியைப் பற்றியும் பில் தொகையைப் பற்றியும் எழுதப் பலர் இருக்கிறார்கள். நான் இங்கே மதிப்பிடுவது செவிலியர் சேவையை மட்டுமே. நர்சிங் கல்லூரியில் பல ஆண்டுகள் பாடம் நடத்தியவள் என்பதால், படுக்கையருகே அமர்ந்திருந்த நேரமெல்லாம் என் கவனம் ஒரே கேள்வியில் இருந்தது: முதலாண்டிலிருந்தே மாணவிகளுக்கு நாங்கள் கற்றுக்கொடுக்கும் செவிலியச் செயல்முறையை, வேலைக்கு வந்த பிறகு அவர்கள் எப்படிப் புரிந்துகொண்டிருக்கிறார்கள், எந்த அளவுக்குக் கையாளுகிறார்கள்? மருத்துவமனையின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். குறைகளையும் சொல்லப் போகிறேன் என்பது ஒரு காரணம். தேவகோட்டை முதல் புதுக்கோட்டை வரை இதே அளவில் இயங்கும் மருத்துவமனைகள் பலவற்றிலும் நான் கண்ட நிலை இதுவே என்பது இன்னொரு காரணம்.

இத்துறைக்கு வெளியே இருப்பவர்களுக்காகச் சிறிது விளக்க வேண்டும். டாக்டர் எழுதியதை நிறைவேற்றுவதே நர்ஸின் வேலை என்ற எண்ணம் நம்மிடையே இன்னும் வலுவாக இருக்கிறது. உண்மையில் ஒரு செவிலியருக்குத் தனக்கென ஒரு சிந்தனை முறை உண்டு. நோயாளியின் நிலையை மதிப்பிடுதல், அதிலிருந்து அவருடைய பிரச்சினை இன்னதென்று கண்டறிதல், அதற்குத் திட்டமிடுதல், செய்து முடித்தல், செய்ததால் பயன் விளைந்ததா என்று திரும்பிப் பார்த்தல் என ஐந்து படிகள் கொண்ட அதையே செவிலியச் செயல்முறை என்கிறோம். 1950களில் அமெரிக்காவில் லிடியா ஹால் என்ற செவிலியர் இந்தக் கருத்தைப் பேசத் தொடங்கினார். 1961இல் ஐடா ஜீன் ஓர்லாண்டோ என்ற இன்னொரு செவிலியர் அதற்குத் தெளிவான வடிவம் கொடுத்தார். 1973இல் அமெரிக்க செவிலியர் சங்கம் வெளியிட்ட பணித்தரங்களில் அது இடம்பெற்றது. இன்று இந்திய நர்சிங் கவுன்சிலின் பாடத்திட்டத்தில் பி.எஸ்சி. படிப்பவர்களும் டிப்ளமா படிப்பவர்களும் இதைக் கற்றே வெளியே வருகிறார்கள். ஓர்லாண்டோ வலியுறுத்திய ஒரு கருத்தை நான் வகுப்பில் திரும்பத் திரும்பச் சொல்வதுண்டு. நோயாளியைப் பார்த்து நீங்கள் என்ன நினைத்தீர்களோ அதை அவரிடமே கேட்டு உறுதி செய்துகொள்ளாமல் எந்தச் செயலிலும் இறங்காதீர்கள் என்பதே அது. இந்த வார்டில் நான் கண்ட மிகச் சிறந்த பணிக்கும், என்னை மிகவும் வருத்திய குறைக்கும் இந்த ஒரு கருத்தே அளவுகோலாக அமைந்தது.

முதல் படியான மதிப்பீட்டிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் இந்த மருத்துவமனையின் பலம் அதில்தான் இருக்கிறது. அவசர சிகிச்சைப் பிரிவிலிருந்து வார்டுக்கு மாற்றியதும் வந்த செவிலியர், வயதில் இளையவர், கல்லல் பக்கத்துப் பெண் என்று பிறகு தெரிந்துகொண்டேன். ரத்த அழுத்தம், நாடி, சர்க்கரை ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு போய்விடுவார் என்றுதான் எதிர்பார்த்தேன். அவரோ போர்வையை விலக்கி, இரண்டு குதிகால்களையும் மெதுவாகத் தூக்கிப் பார்த்தார். முறிந்த காலின் குதிகாலில் சற்றே நிறம் மாறிய ஓர் இடம் இருந்தது. அதைக் கட்டைவிரலால் அழுத்தி எடுத்து, நிறம் வெளுத்துத் திரும்புகிறதா என்று கவனித்தார். கருத்த தோலில் அந்த மாற்றம் கண்ணுக்கு எளிதில் புலப்படாது என்பதால், அடுத்த குதிகாலையும் தொட்டு, சூட்டிலும் கெட்டித்தன்மையிலும் வேறுபாடு இருக்கிறதா என்று ஒப்பிட்டார். "ஆச்சி, விழுந்ததுலேருந்து இந்தக் காலை அசைக்கவே இல்லையா?" என்று கேட்டார். காலைக்கும் மாலைக்கும் இடையில் வீட்டில் ஒரே நிலையில் படுத்திருந்ததைத் தாயார் சொன்னதும், கெண்டைக்காலுக்கு அடியில் ஒரு தலையணையை வைத்துக் குதிகால் மெத்தையில் படாதபடி தொங்கவிட்டார். இத்தனையும் டாக்டர் எவரும் எழுதிக் கொடுக்காமல் நடந்தது.

படுக்கைப் புண் அபாயத்தை அளக்கும் பிரேடன் அளவுகோல் ஆறு கூறுகளைப் பார்க்கிறது. உணர்வு, ஈரம், நடமாட்டம், படுக்கையில் அசையும் திறன், உணவு, உராய்வு என்பவை அவை. மொத்த மதிப்பெண் 6 முதல் 23 வரை வரும். 18 அல்லது அதற்குக் குறைவாக இருந்தால் அபாயம் உண்டு என்று பொருள். என் தாயாருக்கு 14 என்று அந்தச் செவிலியர் போட்டிருந்தார். நான் மனத்திற்குள் கணக்கிட்டதும் அதுவே. தவறி விழும் அபாயத்துக்கான மோர்ஸ் அளவுகோலும் கேஸ் ஷீட்டில் இருந்தது. அண்மையில் விழுந்ததற்கு 25, கூடுதல் நோயாகச் சர்க்கரை இருப்பதற்கு 15, கையில் ட்ரிப்ஸ் ஊசி இருப்பதற்கு 20 என்று மூன்று இனங்களிலேயே 60 வந்துவிட்டது. பொதுவாக 45ஐத் தாண்டினாலே அதிக அபாயம் என்று கொள்வார்கள். உடனே கையில் மஞ்சள் பட்டை கட்டப்பட்டது, கட்டிலின் பக்கக் கம்பிகள் உயர்த்தப்பட்டன, அழைப்பு மணி தாயாரின் நல்ல கைப்பக்கம் மாற்றி வைக்கப்பட்டது. படிவத்தை நிரப்புவதற்காக நிரப்பாமல், அதில் வந்த எண்ணைக் கொண்டு உடனே ஒன்றைச் செய்வதைப் பார்க்கும்போது, கற்றுக்கொடுத்தவளுக்கு ஏற்படும் மகிழ்ச்சி தனி.

இரண்டாம் படியான பிரச்சினை கண்டறிதலில் நிலைமை சிக்கலானது. டாக்டர் நோயைக் கண்டறிகிறார், அதாவது தொடை எலும்பு முறிவு என்கிறார். அந்த நோயால் இந்த மனிதர் அன்றாடம் படும் பாட்டைச் செவிலியர் கண்டறிகிறார். அசைய முடியாததால் தோல் சிதையும் அபாயம், வலியால் தூக்கமின்மை, வலி மாத்திரையால் மலச்சிக்கல் என்று காரணத்தோடு சேர்த்துச் சொல்வதே செவிலியக் கண்டறிதல். 1973இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் கூடிய மாநாட்டில்தான் இவற்றை வகைப்படுத்தும் பணி முறையாகத் தொடங்கியது. இந்த மருத்துவமனையின் கேர் பிளான் எனப்படும் செவிலியப் பராமரிப்புத் திட்டப் படிவத்தில் ஐந்து பிரச்சினைகள் அச்சிடப்பட்டே இருந்தன. வலி, நோய்த்தொற்று அபாயம், அசைவுக் குறைவு, பதற்றம், தன் நோயைப் பற்றிப் போதிய அறிவின்மை ஆகியவையே அந்த ஐந்து. பக்கத்துக் கட்டிலில் மணிக்கட்டு முறிவுக்குச் சேர்க்கப்பட்டிருந்த இளைஞருக்கும் அதே ஐந்து, எதிர்க்கட்டிலில் முழங்கால் மூட்டு மாற்றிய பெரியவருக்கும் அதே ஐந்து. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு டிக், கீழே ஒரு கையொப்பம். எழுபத்தெட்டு வயதில் சர்க்கரையோடும் காது மந்தத்தோடும் வந்த என் தாயாருக்கும் இருபத்தைந்து வயது இளைஞருக்கும் பிரச்சினைகள் ஒன்றாக இருக்க முடியாது என்பது அந்தச் செவிலியர்களுக்குத் தெரியாததல்ல. தெரிந்ததை எழுதப் படிவத்தில் இடம் இல்லை.

இதை ஒரு நிகழ்ச்சியால்தான் விளக்க முடியும். அறுவைச் சிகிச்சை முடிந்த மறுநாள் மாலை, பொறுப்புச் செவிலியர் ஒருவர் ரவுண்ட்ஸ் வரும்போது மேசைமேல் இருந்த தண்ணீர் பாட்டிலைக் கையில் எடுத்துப் பார்த்தார். காலையில் நிரப்பி வைத்தது ஏறக்குறைய அப்படியே இருந்தது. சிறுநீர்க் குழாய் அன்று காலைதான் எடுக்கப்பட்டிருந்தது. உட்கொண்ட நீரையும் வெளியேறிய சிறுநீரையும் குறிக்கும் தாளைப் புரட்டினார். பகலில் ஒரே ஒரு முறை, அதுவும் குறைந்த அளவில், அடர்ந்த மஞ்சளாக. வேறு ஒருவராக இருந்தால் "தண்ணி நிறையக் குடிங்க ஆச்சி" என்று சொல்லிவிட்டு நகர்ந்திருப்பார். அன்று காலை ஷிப்டில் இரண்டு பேர் அப்படித்தான் சொல்லிச் சென்றார்கள். இவர் கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, காதுக் கருவி மாட்டியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, தாழ்ந்த குரலில் கேட்டார்: "ஆச்சி, தண்ணி குடிக்கப் பிடிக்கலையா, இல்ல குடிச்சா போகணுமேன்னு இருக்கா?" தாயார் சற்று நேரம் என்னைப் பார்த்தார், பிறகு சுவரைப் பார்த்தார். "அந்தத் தம்பி வந்து பேசினை வைக்கிறான். எனக்கு ஒரு மாதிரியா இருக்கு" என்றார். பெட்பேன் கொண்டு வந்த ஆண் உதவியாளரைத்தான் அப்படிக் குறிப்பிட்டார்.

நான் அருகிலேயே இருந்தும் என்னிடம் அவர் சொல்லியிருக்கவில்லை. பெரிய வீடுகளில் வாழ்ந்த செட்டிநாட்டுப் பெண்களின் கூச்சத்தை அறிந்தவர்களுக்கு இது வியப்பாக இருக்காது. வீட்டின் முகப்புக்கு வரும் ஆண்கள் முன்னால்கூட நின்று பேசாமல், வீட்டின் உட்பகுதியான இரண்டாம் கட்டிலேயே வாழ்நாளைக் கழித்த தலைமுறை அது. அந்தச் செவிலியர் உடனே பெண் உதவியாளர் ஒருவரை அழைத்து, இனி ஆச்சிக்கு நீங்கள்தான் வர வேண்டும் என்று சொன்னார். திரையை முழுவதுமாக இழுத்துவிட்டார். பிசியோதெரபிஸ்டிடம் பேசி, மறுநாளிலிருந்து உயரமான கமோடு நாற்காலியைக் கட்டிலருகே கொண்டு வர ஏற்பாடு செய்தார். அன்று இரவு எட்டு மணிக்குள் என் தாயார் தாமாகவே இரண்டு டம்ளர் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். தண்ணீர் குறைந்தது என்பது கண்டது, கூச்சம் என்பது காரணம், ஆளை மாற்றியது செயல், பாட்டில் காலியானது பலன். பாடநூலில் ஐந்து அத்தியாயங்களாக வருவதை ஒரு ஸ்டூலில் அமர்ந்து கால் மணி நேரத்தில் அவர் முடித்துவிட்டார். இதற்கு நான் எவ்வளவு மதிப்பெண் வேண்டுமானாலும் கொடுப்பேன்.

ஆனால் அவர் கண்டறிந்தது கேர் பிளானில் ஏறவில்லை. அச்சிட்ட ஐந்து பிரச்சினைகளில் கூச்சத்துக்கு இடமில்லை. செவிலியர்கள் ஷிப்டுதோறும் எழுதும் நர்சஸ் நோட்ஸில் "தண்ணீர் அதிகம் அருந்த அறிவுறுத்தப்பட்டது" என்ற வரி மட்டும் இருந்தது. அடுத்த நாள் அவருக்கு வார விடுமுறை. இரவு ஷிப்டிலிருந்து காலை ஷிப்டுக்குப் பொறுப்பு மாறியபோது அந்தச் செய்தி கைமாறவில்லை. காலை ஏழரைக்குத் திரையை விலக்கிக்கொண்டு பெட்பேனோடு வந்து நின்றவர் மீண்டும் அதே தம்பிதான். அவர் மேல் எந்தத் தவறும் இல்லை. அவருக்கு யாரும் சொல்லவில்லை. அன்று பகல் முழுவதும் தண்ணீர் பாட்டில் மீண்டும் நிறைந்தே இருந்தது. நான் எடுத்துச் சொன்ன பிறகுதான் ஆள் மாறினார். துணைக்கு ஆள் இல்லாத, பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் ஓர் ஆச்சிக்கு யார் எடுத்துச் சொல்வார்கள்? இந்த ஊர்ப் பக்கம் பூட்டிக் கிடக்கும் வளவுகளுக்கு, அதாவது முற்றத்தைச் சுற்றிக் கட்டிய பெரிய வீடுகளுக்கு, நடுவே தனியாக வாழும் முதியவர்கள் எத்தனை பேர் என்று நினைத்துப் பார்த்தால், இது சிறிய குறையாகத் தோன்றாது.

செவிலியர்களோடு பேசும்போது, "கேர் பிளான் எழுதுறதுக்கு எங்க மேடம் நேரம், ஆளைப் பார்க்கவே நேரம் பத்தல" என்ற பதிலை எல்லா ஊர்களிலும் கேட்டிருக்கிறேன், இங்கேயும் கேட்டேன். அதில் நியாயம் இருக்கிறது. பொது மருத்துவமனைகளில் ஐந்து படுக்கைகளுக்கு ஒரு செவிலியர், பயிற்சி மருத்துவமனைகளில் மூன்று படுக்கைகளுக்கு ஒருவர் என்பது இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்த அளவு. இந்த வார்டில் இருபத்தி நான்கு படுக்கைகளுக்கு இரவில் இரண்டு பேர் இருந்தார்கள், அவர்களில் ஒருவர் அப்போதுதான் படிப்பை முடித்து வந்தவர். நேரம் இல்லை என்பது உண்மைதான். ஆனாலும் எழுதும் நேரத்தை அவர்கள் எதில் செலவிட்டார்கள் என்று பார்க்க வேண்டும். அச்சிட்ட ஐந்து வரிகளுக்கும் ஒவ்வொரு ஷிப்டிலும் டிக் போட்டுக் கையொப்பமிட எடுக்கும் நேரத்தில், "பெண் உதவியாளர் மட்டும், கமோடு நாற்காலி" என்று ஒரே ஒரு வரியைக் கையால் எழுதியிருக்கலாம். தர அங்கீகாரத்துக்கு வரும் ஆய்வாளர் எல்லாக் கட்டங்களும் நிரம்பியிருக்கின்றனவா என்றுதான் பார்ப்பார் என்ற அச்சம் நிர்வாகத்துக்கு இருக்கிறது. அந்த அச்சம் படிவத்தை வடிவமைத்திருக்கிறது. ஒரு நோயாளியைப் பற்றி ஒரு செவிலியருக்குத் தெரிந்தது அடுத்த செவிலியருக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதற்காக வந்த தாள், இங்கே ஆய்வாளருக்காகக் காத்திருக்கிறது.

திட்டமிடல் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், கால்களுக்கு இடையில் தலையணை இருக்க வேண்டும், மறுநாளே வாக்கர் பிடித்து நிற்க வைக்க வேண்டும் என்று குறிக்கோள்கள் தெளிவாகவே இருந்தன, அவற்றைத் தாயாரிடமும் என்னிடமும் சொல்லவும் செய்தார்கள்.

செயல்படுத்துவதில் இந்த வார்டுச் செவிலியர்களின் கைத்திறன் உயர்ந்தது. ஒன்றை மட்டும் குறிப்பிடுகிறேன். தாயாருக்குக் காலைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு இன்சுலின் போட வேண்டும். அன்று கேன்டீனில் இட்லி தாமதமானது. ஊசியை நேரத்துக்குப் போட்டுக் கையொப்பமிட்டுவிட்டுப் போவது எளிது. உணவு வராமல் போனால் சர்க்கரை 70க்குக் கீழே இறங்கி, வியர்த்து மயங்கும் நிலை வரலாம். அந்தச் செவிலியர் மருந்தை எடுத்து வைத்துக்கொண்டு கேன்டீனுக்கு இரண்டு முறை போன் செய்தார், தட்டு மாடிப்படி ஏறிவிட்டது என்று உறுதியான பிறகே ஊசியைப் போட்டார். "சாப்பாடு வர்றது தெரியாம இதைப் போடக் கூடாது ஆச்சி" என்று அவர் சொன்னது, எங்கள் தேர்வில் முழு மதிப்பெண் பெறும் விடை. இரண்டாம் நாள் இரவு தாயார் இடம் தெரியாமல் குழம்பி, கோட்டையூர் வீட்டில் இருப்பதாக நினைத்துப் பேசத் தொடங்கியபோதும், தூக்க மருந்து கேட்டு டாக்டரை எழுப்புவதற்கு முன்னால் சர்க்கரையையும் ஆக்ஸிஜன் அளவையும் பார்த்தார்கள், மூக்குக் கண்ணாடியையும் காதுக் கருவியையும் மாட்டிவிட்டார்கள், சிறு விளக்கைப் போட்டுவிட்டு இது எந்த ஊர், இப்போது என்ன நேரம் என்று பொறுமையாகச் சொன்னார்கள். அறுவைச் சிகிச்சைக்குப் பின் முதியவர்களுக்கு வரும் இத்தகைய குழப்பத்தை "வயசாயிடுச்சு, அப்படித்தான்" என்று தள்ளிவிடும் இடங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இங்கே அப்படி நடக்கவில்லை.

ஐந்தாம் படியான பயன் மதிப்பீட்டில்தான் இந்த வார்டு சறுக்குகிறது. வலியை 0 முதல் 10 வரை எண்ணால் கேட்டுக் குறிக்கும் பழக்கம் இங்கே இருக்கிறது, அது பாராட்டத்தக்கது. ஒரு நாள் பிற்பகல் தாயார் 7 என்றார். மாத்திரை கொடுக்கப்பட்டது. செவிலியர் அங்கேயே நின்று தாளில் எழுதியதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். "வலி 7, மாத்திரை கொடுக்கப்பட்டது" என்று எழுதிய அதே மூச்சில், கடைசிக் கட்டத்தில் "வலி குறைந்தது, நோயாளி வசதியாக உள்ளார்" என்றும் எழுதிவிட்டார். மாத்திரை அப்போது தொண்டையைத்தான் தாண்டியிருக்கும். வாய்வழி மாத்திரை என்றால் ஏறக்குறைய ஒரு மணி நேரம் கழித்து வந்து மறுபடியும் எண் கேட்க வேண்டும் என்பதே முறை. யாரும் வரவில்லை. வலி உண்மையில் குறையவில்லை. மாலையில் நான் போய்ச் சொன்ன பிறகு பார்த்தபோது, ட்ரிப்ஸ் குழாய் செருகிய இடம் வீங்கிச் சிவந்திருந்தது, வலியின் ஒரு பகுதி அங்கிருந்துதான் வந்தது. ஒரு மணி நேரம் கழித்து யாராவது வந்து "இப்ப எப்படி ஆச்சி இருக்கு, எங்க வலிக்குது?" என்று கேட்டிருந்தால் மூன்று மணி நேரம் முன்பே அது தெரிந்திருக்கும். மலச்சிக்கலிலும் இதுவே நடந்தது. மருந்து கொடுத்த குறிப்பு இருந்தது, பலன் கிடைத்ததா என்ற குறிப்பு இல்லை, நான்காம் நாள் டாக்டர் கேட்டபோது செவிலியர் என்னைத்தான் திரும்பிப் பார்த்தார்.

கடைசிப் படியை முன்கூட்டியே எழுதிவிடும் வழக்கம் இந்த ஒரு மருத்துவமனைக்கு உரியதல்ல. மாணவப் பருவத்திலேயே அது தொற்றிக்கொள்கிறது. கேர் பிளானை மதிப்பெண்ணுக்கான நோட்டுப் புத்தகமாகப் பார்க்கும் கல்லூரிகளில், நோயாளியைப் பார்ப்பதற்கு முன்பே ஐந்து கட்டங்களையும் விடுதியில் உட்கார்ந்து நிரப்பிக்கொண்டு வரும் மாணவிகள் இருக்கிறார்கள். அதைக் கண்டும் காணாமல் கையொப்பமிடும் ஆசிரியர்களும் இருக்கிறார்கள். "குறிக்கோள் நிறைவேறியது" என்று எழுதினால்தான் மதிப்பெண், "நிறைவேறவில்லை, திட்டத்தை மாற்ற வேண்டும்" என்று நேர்மையாக எழுதினால் கேள்விகள் வரும் என்ற நிலை இருக்கும்வரை, வார்டுக்கு வந்த பிறகு அவர்கள் வேறு விதமாக எழுதுவார்கள் என்று எதிர்பார்ப்பது நியாயமாகாது. ஆகையால் அந்தப் பிற்பகல் செவிலியர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவருக்குக் கற்பித்த முறையின் மேல் வந்தது.

ஷிப்ட் மாறும்போது நடக்கும் பொறுப்பு ஒப்படைப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். இங்கே அது நர்ஸிங் ஸ்டேஷனில், கேஸ் ஷீட்டுகளை அடுக்கி வைத்துக்கொண்டு நடக்கிறது. டாக்டர் எழுதிய மருந்துகள், நிலுவையில் உள்ள பரிசோதனைகள், யாருக்கு டிஸ்சார்ஜ் என்பவை துல்லியமாகச் சொல்லப்படுகின்றன. மருந்து மாறிப் போவதோ விட்டுப் போவதோ ஒரு முறைகூட நடக்கவில்லை. ஆனால் அந்தப் பேச்சில் நோயாளி என்ற மனிதர் வருவதில்லை. ஒவ்வொரு கட்டிலருகிலும் நின்று, நோயாளியும் கேட்கும்படி ஒப்படைத்தால், தண்ணீர் பாட்டிலும் வீங்கிய கையும் அடுத்து வருபவரின் கண்ணில் தாமாகவே படும். பொறுப்புச் செவிலியரிடம் இதைச் சொன்னபோது, முன்பு அப்படித்தான் செய்துகொண்டிருந்ததாகவும், ஆள் குறைந்த பிறகு நின்றுவிட்டதாகவும் சொன்னார்.

டிஸ்சார்ஜ் நாளில் மீண்டும் நல்ல பணியைக் கண்டேன். ஆங்கிலத்தில் அச்சிட்ட அறிவுரைத் தாள் ஒன்றைக் கொடுத்தார்கள். அது எந்த ஊரில் எந்த வீட்டில் வசிப்பவருக்கும் பொருந்தும்படி எழுதப்பட்டிருந்ததால், எங்களுக்கு எதிலும் உதவவில்லை. தாளைக் கொடுத்த கல்லல் பெண்தான் உதவினார். "ஆச்சி வீட்டுல நிலைப்படி எவ்வளவு உசரம்? முகப்புலேருந்து வளவுக்குப் போற வழியில எத்தனை படி?" என்று கேட்டார். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையா, முற்றத்தைச் சுற்றி மழைத் தண்ணீர் தெறிக்குமா, கழிப்பறை பின்கட்டில் இருக்கிறதா, உட்கார்ந்து போகும் வகையா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டார். புதிய மூட்டு நிலைபெறும்வரை இடுப்பைத் தொண்ணூறு பாகைக்கு மேல் மடக்கக் கூடாது, காலைக் குறுக்கே போடக் கூடாது, தாழ்ந்த இடத்தில் உட்காரக் கூடாது என்பதை, திண்ணையில் அமர வேண்டாம், தரையில் பாய் விரித்துப் படுக்க வேண்டாம், பூஜை அறையில் மணையில் உட்கார வேண்டாம் என்று வீட்டுக்குப் பொருந்தும்படி மாற்றிச் சொன்னார். உயரமான நிலைப்படிகளைத் தாண்ட வேண்டியிராதபடி கட்டிலையும் கமோடு நாற்காலியையும் வீட்டின் ஒரே பகுதியில் வைத்துக்கொள்ளச் சொன்னார். அவர் சொன்னதை நான் தமிழில் எழுதிக் கட்டிலுக்கு மேலே ஒட்டியிருக்கிறேன். மருத்துவமனையே அந்தத் தாளைத் தமிழில், இந்த ஊர் வீடுகளை மனத்தில் வைத்து அச்சிட்டால் பெரும் உதவியாக இருக்கும்.

அறை வசதி, சுத்தம், உணவு எல்லாம் போதுமானவை. கேன்டீன் தாமதத்தைத் தவிர வேறு புகார் இல்லை. செவிலியர் சேவைக்கு ஐந்துக்கு மூன்றரை கொடுக்கிறேன். மதிப்பீட்டுக்கும் கைத்திறனுக்கும் பரிவுக்கும் தனியே கேட்டால் நான்கரை கொடுப்பேன், பயன் மதிப்பீட்டுக்கும் எழுதி ஒப்படைப்பதற்கும் இரண்டுக்கு மேல் கொடுக்க மனம் வரவில்லை. பெற்றோரைச் சேர்ப்பவர்கள் தயங்காமல் சேர்க்கலாம். முதல் மூன்று நாளாவது வீட்டார் ஒருவர் கூட இருக்க வேண்டும். ஷிப்ட் மாறும் வேளைகளில் புதிதாக வரும் செவிலியரிடம், முந்தைய ஷிப்டில் நோயாளிக்கு என்ன சிரமம் இருந்தது, அதற்கு என்ன ஏற்பாடு செய்தார்கள் என்பதை நீங்களே சொல்லுங்கள். வலி மாத்திரை கொடுத்தால் ஒரு மணி நேரம் கழித்து மணியை அடித்து, குறைந்ததா இல்லையா என்று தெரிவியுங்கள். யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள், நான் அடித்தபோதெல்லாம் வந்தார்கள்.

புறப்படும் முன் நர்சிங் சூப்பரின்டென்டென்டிடம் இவற்றையெல்லாம் எழுத்தில் கொடுத்தேன். முழுவதையும் படித்துவிட்டு, அச்சிட்ட ஐந்து பிரச்சினைகளுக்குக் கீழே இரண்டு வெற்று வரிகளைச் சேர்க்கவும், வலிக்கான கட்டத்தில் மறுபடி கேட்ட நேரத்தைக் குறிக்கத் தனி இடம் விடவும் தரப் பிரிவிடம் கேட்பதாகச் சொன்னார். ஆறாவது வாரம் எக்ஸ்ரேக்காகத் தாயாரை அழைத்துச் செல்ல வேண்டும். அப்போது வார்டுக்குப் போய்ப் படிவத்தைப் பார்ப்பேன். அந்த வரிகள் வந்திருந்து, அவற்றில் யாராவது கையால் எதையாவது எழுதியிருந்தால், மேலே கொடுத்த மதிப்பெண்ணை மாற்றிவிடுகிறேன்.